சக்கரப் பலகைக்கு ஓர் இடம்

லுணுகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே பிறந்தவர்களுக்குச் சரிவு என்பது புதுமையன்று. கமுகம் பாளையில் ஒருவர் அமர மற்றவர் இழுத்தும், பழைய உருளைகளைப் பலகையிற் பூட்டித் தோட்ட வீதியில் வழுக்கி இறங்கியும் கழிந்த பால்யம் எனக்கும் உண்டு. கொழுந்து லொறி திரும்பும் வளைவிலே விளையாடினோம் என்பதற்காகப் பெரியவர் ஒருவர் அப்பலகையை என் கண்ணெதிரே கோடரியாற் பிளந்தபோது, அவருடைய அச்சத்தின் நியாயம் எனக்கு விளங்கவே செய்தது. ஆயினும், வீதி ஆகாதெனின் வேறெங்கே விளையாடுவது என்ற வினாவுக்கு அன்று லயத்தில் எவரிடமும் விடையிருக்கவில்லை.

ஸ்கேட்போர்ட் என்னும் சக்கரப் பலகையின் சரித்திரமும் அந்த வினாவின் சரித்திரமே. 1950களில், கடல் அடங்கிக் கிடந்த நாட்களிலே கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்கள் தரையில் ஓட்டத் தொடங்கிய இப்பலகை, தனக்கென ஓர் ஆடுகளம் இல்லாமையால் நடைபாதையையும் படிக்கட்டையும் நாடிற்று. 1970களின் வறட்சியில் நீர் வற்றிய நீச்சற் குளங்களுக்குள்ளும் இறங்கிற்று. அந்நியர் வளவுக்குள் அத்துமீறுவோர் என்ற அபகீர்த்தி அவ்வாறே அவர்களைப் பற்றிக்கொண்டது. நோர்வே அரசாங்கமோ, பிள்ளைகளுக்குக் காயம் நேரும் என்றஞ்சி, 1978 முதல் 1989 வரை இப்பலகையை விற்பதையும் ஓட்டுவதையும் தடைசெய்தே வைத்திருந்தது.

அபிப்பிராயம் மாறும் விதத்தை அறிய நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரையில், வெறுங்காலுடன் சட்டை பறக்கப் பலகையிற் சறுக்கிய கமலி மூர்த்தி என்ற சிறுமியை, பெண்பிள்ளைக்கு இது தகுமா என்ற ஊராரின் பேச்சுக்கு அஞ்சாது, அவளுடைய தாயார் சுகந்தி தாங்கி நின்றார். அவர்களைப் பற்றிய ‘கமலி’ என்னும் குறும்படம் 2020ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுக்கு முன்மொழியப்பட்டது. அதே பிரிவில் விருதை வென்றதும், காபூல் நகரச் சிறுமியர் இப்பலகையைப் பழகும் கதையே. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்து ஜன்வார் கிராமத்திலே 2015இல் எழுந்த சறுக்குத் தளத்தில், பாடசாலைக்குப் போகாதவருக்குப் பலகையில்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம் என்ற இரு விதிகளின் கீழ் ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடலாயினர்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலே 13 வயது மொமிஜி நிஷியா தங்கப் பதக்கம் பெற்றபின், இவ்விளையாட்டின் கௌரவத்துக்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. ஆனால், தான் பிறந்த லயத்து முற்றமே தனக்கு உரித்தில்லாத தோட்டப் பிள்ளைக்கு ஒலிம்பிக் கீர்த்தியினும் அவசியமானது, லொறி வாராத ஓர் ஒதுக்குப்புறத்திலே, மழை ஓடி வடியத்தக்க சிறியதொரு சீமெந்துத் தளம். அதை அமைக்கும் நாளில் ஓரத்திலே ஒரு வாங்கும் போட்டுவைக்கவேண்டும். அன்று கோடரி எடுத்த பெரியவரைப் போன்றவர்கள், பேரப்பிள்ளையின் வித்தையை அச்சமின்றி அமர்ந்து பார்ப்பதற்காக.