கருவி இல்லாத ஊரில் கேட்க முடிந்த கேள்வி

தலையில் பலமாக அடிபட்டவரின் சொந்தக்காரர்களிடம் டாக்டர்கள், "48 மணி நேரம் போகட்டும்" என்பார்கள். அது சமாளிப்புப் பேச்சல்ல. மோதிய கணத்தில் நேர்ந்த சேதம் ஒரு பங்குதான். அதன்பின் மெல்ல ஏறும் வீக்கம் பலரது உயிரைக் குடிக்கிறது. கைகால் வீங்கினால் தோல் கொஞ்சம் இடம்கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. உள்ளே மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் இடுக்கில்லாமல் அடைந்திருக்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றவை ஒதுங்க வேண்டும். நீர் முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கும், சிரை இரத்தம் வெளியேறும். அந்தச் சலுகையும் தீர்ந்துவிட்டால் அழுத்தம் சட்டென்று எகிறும்; மூளைக்கு இரத்தமே ஏறாது.

அதனால் மண்டையில் சிறு துளையிட்டு, நுனியில் உணரி பொருத்திய மெல்லிய கம்பியை மூளைக்குள் இறக்கி, அழுத்தத்தை எண்ணாகத் திரையில் பார்க்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் சிகிச்சை; 2016 வரை அந்த எல்லை சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசமாக இருந்தது. 1995 முதல் அமெரிக்க வழிகாட்டு நெறிகள் இதைச் சொல்லிவந்தன. ஆனால் எண்ணைப் பார்த்து வைத்தியம் செய்வதால் கூடுதல் பேர் தேறுகிறார்களா என்பதை, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து யாரும் முறையாகச் சோதிக்கவில்லை. கருவி கைவசமிருக்கும் மருத்துவமனையில் பாதிப் பேருக்கு அதை மறுக்க எந்த டாக்டருக்கு மனம் வரும்?

பொலிவியாவிலும் எக்வடோரிலும் நிலைமை வேறு. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு, சிடி ஸ்கேன் உண்டு, கைதேர்ந்த மருத்துவர்கள் உண்டு. இந்தக் கருவிக்குத்தான் வழக்கமாக வழியில்லை. அதனால் அந்தக் குலுக்கல் ஆய்வு அங்கே சாத்தியமானது. அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து அதை நடத்திய ராண்டல் செஸ்நட், கருவியைப் பரிந்துரைத்த அந்த நெறிகளை எழுதியவர்களில் ஒருவர். தான் பரிந்துரைத்ததையே சோதனைக்கு நிறுத்திய துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏழை நாட்டு மக்களைச் சோதனை எலிகளாக்கிவிட்டார்களோ என்ற சந்தேகம் வரும், வரவும் வேண்டும். ஆனால் இங்கே யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை. ஒரு குழுவுக்கு அந்த ஊரில் கிடைக்காத கருவி கிடைத்தது. மறு குழுவுக்கு ஏற்கெனவே நடந்துவந்த கவனிப்பு எழுதிவைத்த ஒழுங்குக்குள் வந்தது.

அந்தக் கவனிப்பு சாதாரணமானதல்ல. இமையைத் தூக்கி டார்ச் அடித்து, இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் சுருங்குகின்றனவா என்று பார்க்கிறார்கள். மூளையின் அடிப்பகுதியில் நீர் தங்கும் இடைவெளிகள் ஸ்கேன் படத்தில் கறுப்பாகத் தெரியும். வீக்கம் ஏறினால் அவை நசுங்கி மறைந்துவிடும். இடவல மூளைகளைப் பிரிக்கும் நடுக்கோடு ஒரு பக்கமாகத் தள்ளிப்போகும். அளவுகோல் இல்லாமலே அழுத்தத்தை ஊகிக்கும் வித்தை இது.

2008இல் தொடங்கிய ஆய்வில் 324 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2012 டிசம்பரில் முடிவு வந்தபோது நரம்பியல் உலகம் கொஞ்சம் ஆடித்தான் போனது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் கருவிக் குழுவில் 39 சதவீதம், மற்றதில் 41. உயிர் பிழைத்தவர்களின் நினைவும் செயல்திறனும் சேர்த்து 21 அளவீடுகளில் பார்த்தும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

கருவியே வீண் என்று சிலர் அவசரப்பட்டுவிட்டார்கள். செஸ்நட் அப்படிச் சொல்லவில்லை. இரு குழுவினருமே வீக்கத்துக்கு முனைப்பான சிகிச்சை பெற்றவர்கள். சோதிக்கப்பட்டது 20 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நடக்கும் முறைதான். இன்னொரு விஷயத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை. முதல் 14 நாளில் இறந்தவர்கள் கருவிக் குழுவில் 21 சதவீதம், மற்றதில் 30. புள்ளியியல்படி உறுதியான வித்தியாசமல்ல, ஆனாலும் ஆறு மாதத்துக்குள் அந்த இடைவெளியும் ஏறக்குறைய மூடிவிட்டது. பேச்சுப்பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் எளிதில் எட்டாத இடங்களில், ஐசியுவில் காப்பாற்றிய உயிரை வீட்டில் தக்கவைப்பது தனிப் போராட்டம்.

செஸ்நட்டின் ஆய்வுக் குழுவும் லத்தீன் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து, 2020இல் கருவி இல்லாத இடங்களுக்கென்றே ஒரு சிகிச்சை நெறிமுறை வெளியிட்டார்கள். நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தாலோ நீர் இடைவெளிகள் நசுங்கியிருந்தாலோ, அந்த ஒரு அடையாளமே போதும். அழுத்தம் ஏறிவிட்டதாகக் கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். கண்மணிகள் அளவில் வேறுபடுவது போன்ற சிறு அடையாளமானால் இரண்டு சேர வேண்டும்.