பழைய மோட்டார் வண்டியும் பெற்றோல் ஒழுக்கும்

இங்கிலாந்தில் 1948 ஆம் ஆண்டு வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியின் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. எனினும், இலங்கைத் தெருக்களில் அவ்வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் இரும்பு உறுதியானது. பெற்றோல் செல்லும் றப்பர்க் குழாயோ அத்துணை ஆயுள் உடையதன்று. எஞ்சின் வெப்பத்தினால் அது நாளடைவில் இறுகி வெடிப்பு விடும். அப்பொழுது எழும் மணத்தை, "பழைய வண்டி மணக்கத்தானே செய்யும்" என்று தள்ளிவிடுவோர் பலர். ஆபத்து அங்கேதான் தொடங்குகின்றது.

1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாணத்தில் இத்தகைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. மண்ணெண்ணெயிற் பழகியவர்கள் பெற்றோலையும் அவ்வாறே எண்ணலாகாது. சாதாரண வெப்பநிலையில் மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாவதில்லை. பெற்றோலோ நீர் உறையும் குளிரிலும் அத்தகைய ஆவியை வெளிவிடும். அவ்வாவி காற்றிலும் பாரமானது. மேலெழுந்து கலையாமல் நிலத்தோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். ஆதலின், அஞ்சத்தக்கது கண்ணுக்குத் தெரியும் துளி மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத ஆவியுமாகும்.

ஒழுக்கு உண்டென்று கண்டால் வண்டியை வெளியான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, யாவரும் இறங்கி விலக வேண்டும். மறுபடி எஞ்சினை இயக்கிப் பார்த்தல் கூடாது. தீக்குச்சியோ விளக்கோ அருகில் வரலாகாது. மின்சூள் தேவையாயின் தூரத்தில் நின்றே அதனை ஏற்றிக்கொண்டு வருதல் நன்று.

ஒழுக்கை முன்கூட்டியே அறியச் செவியும் உதவும். நாள்தோறும் ஆளியைத் திருப்பியதும் இவ்வண்டியின் மின்பம்பி "டிக், டிக்" என ஒலிக்கும். காபுறேற்றரின் மிதவை அறை நிரம்பியதும் ஓய்ந்துவிடும். தாங்கியிற் பெற்றோல் இருந்தும், எஞ்சினை இயக்குமுன் ஓசை ஓயாது தொடர்ந்தால், குழாயில் வெடிப்பு இருக்கலாம். அல்லது மிதவை அறையின் ஊசி அழுக்கினால் மூடாமலிருக்கலாம். பின்னையது மிகக் கொடியது. ஏனெனில், சூடேறும் புகைக்குழாய்த் தொகுதி காபுறேற்றருக்குக் கீழேயே உள்ளது.

தாங்கியில் சிறு துளை விழுந்தால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பது வழக்கம். சவர்க்காரம் பெற்றோலிற் கரையாதாகையால் சொட்டு நிற்கும். ஆயின், வண்டியை இழுத்துச் செல்லும் வரைக்குமே அது போதுமானது.

பெற்றோலை வடித்தபின் தாங்கிக்கு நெருப்பினால் ஒட்டுப் போடலாம் என எண்ணுவது பெரும் பிழை. நிறைந்த தாங்கியில் ஆவிக்கு இடம் குறைவு. வெறுந்தாங்கியிலோ ஆவியும் காற்றும் கலந்து, ஒரு பொறிக்கே வெடிக்கக் காத்திருக்கும். ஆவியை முற்றாக அகற்றும் முறை அறிந்த தொழிலாளரிடமே அவ்வேலையை ஒப்படைத்தல் வேண்டும்.

பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட புதுக் குழாயின் விலை, வண்டியின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. அதில் ஏறுவோரின் உயிரோடு ஒப்பிடவே தகாதது. தண்ணீர்க் குழாய்த் துண்டை அதற்குப் பதிலாக மாட்டாமல், உரிய குழாயைக் காலத்தில் மாற்றுவதே பழைய வண்டியைப் பேணுவோரின் முதற் கடமையாகும்.