விஷவாயு குழிக்குள் குதிக்கலாமா? காப்பாற்றப் போனவரும் பிணமாகும் பரிதாபம்!

சென்னை,
ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். அவரும் விழுந்தார். இரண்டு பேரையும் காப்பாற்ற மூன்றாவது ஆள் இறங்கினார். அவரும் பிணம்!

கழிவுநீர் தொட்டி, பாதாள சாக்கடை சாவு என்றாலே இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஊர் மாறுகிறது. ஆள் மாறுகிறார். கதை மட்டும் மாறவில்லை.

"கருவி இல்லாமல் இறங்காதே" என்கிறது விதி. "கண் முன்னாலே ஒரு உயிர் போகுதே, பார்த்துக்கிட்டு நிக்கிறதா?" என்கிறது மனசு. இதில் எதைக் கேட்பது?

ஆட்டோ டிரைவர்

கேரள மாநிலம் கோழிக்கோட்டில் 2015-ம் ஆண்டு நவம்பர் மாதம் பாதாள சாக்கடைக்குள் இறங்கிய 2 தொழிலாளர்கள் மூச்சு திணறி சிக்கிக் கொண்டார்கள். அவர்கள் ஆந்திராவில் இருந்து பிழைப்புக்கு வந்தவர்கள்.

அங்கே இருந்த ஒரு ஆட்டோ டிரைவர் அவர்களைக் காப்பாற்ற ஓடினார். அவருக்கும் அந்த 2 பேருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் குழிக்குள் இறங்கினார். 3 பேருமே இறந்து போனார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே 2019-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு வீட்டின் கழிவுநீர் தொட்டி 6 பேரை பலி வாங்கியது. தகப்பனாரும் அவருடைய 2 மகன்களும் அதில் அடக்கம். உள்ளே போனவரைத் தூக்கத்தான் அடுத்தடுத்து இறங்கினார்கள்.

அதே ஆண்டு நவம்பர் மாதம் சென்னை ராயப்பேட்டையில் ஒரு வணிக வளாகத்தின் கழிவுநீர் தொட்டிக்குள் ஒரு வாலிபர் மயங்கினார். உடன்பிறந்தவர் உள்ளே இறங்கி அவரைக் காப்பாற்றி விட்டார். ஆனால் காப்பாற்றியவர் விஷவாயு தாக்கி செத்துப் போனார். அவருக்கு வயது 25.

ஒரே மூச்சு

பலசாலிகள்கூட எப்படி சுருண்டு விழுகிறார்கள்?

மலமும் கழிவும் அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. காற்றைவிட கனமானது. அடியில் போய் தங்கிக் கொள்ளும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகி விட்டால் மூக்கு மரத்துப் போகும். நாற்றமே தெரியாது!

"நாத்தம் இல்லை, இறங்கலாம்" என்று நினைப்பதுதான் ஆபத்து. வாயு மிக அதிகமாக இருந்தால் ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுத்ததுமே நினைவு தப்பி விடும். ஏணியைப் பிடித்திருக்கும் கை நழுவும். கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

மீத்தேன் வாயுவும் சேர்ந்திருக்கும். தீக்குச்சி கிழித்தால் வெடிக்கும். பிராண வாயுவும் உள்ளே குறைந்து போயிருக்கும். மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவது பலருக்கும் பழக்கம். அந்தத் துண்டு விஷவாயுவையும் தடுக்காது, பிராண வாயுவையும் தராது.

மேலே நிற்பவருக்கு இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. "வழுக்கி விழுந்துட்டான், கையைக் கொடுத்தா வந்துடுவான்" என்றுதான் தோன்றும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இப்படி அடைபட்ட இடங்களில் சாகிறவர்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ம் ஆண்டிலேயே எச்சரித்தது.

"வேடிக்கையா பார்க்கிறீங்க?"

தீயணைக்கும் படை வண்டி வந்து நின்றதும் வீரர்கள் உடனே குதித்து விடுவதில்லை. முதுகில் காற்று சிலிண்டரை மாட்டுகிறார்கள். முகமூடியை இறுக்குகிறார்கள். கயிறு கட்டுகிறார்கள். சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு இது பொறுக்காது. "உள்ளே உசிரு போகுது, நீங்க வேடிக்கையா பார்க்கிறீங்க?" என்று சத்தம் போடுவார்கள். விழுந்தவரின் மனைவியும் மக்களும் கதறும்போது அந்த ஒரு நிமிடம் ஒரு யுகமாகத் தெரியும்.

அவர்கள் பயந்தாங்கொள்ளிகளா? இல்லை. சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் 2012-ம் ஆண்டு ஜனவரி மாதம் நடந்த தீ விபத்தில் ஒரு வீரர் பலியானார். பெண் அதிகாரி ஒருவர் படுகாயம் அடைந்தார். மதுரையில் 2020-ம் ஆண்டு தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடை தீயை அணைக்கப் போன 2 வீரர்கள் பழைய கட்டிடம் இடிந்து விழுந்து செத்தார்கள். உயிரைக் கொடுக்கத் துணிந்த படைதான் அது.

ஆனால் காற்று இல்லாமல் குழிக்குள் இறங்குகிற வீரர் யாரையும் காப்பாற்றப் போவதில்லை. அடுத்து வருகிறவர் தூக்க வேண்டிய உடல் இரண்டாகும். அவ்வளவுதான்.

விதியின் விலை

அதற்காக விதியை அப்படியே கடைப்பிடித்தால் எல்லோரும் பிழைத்து விடுவார்களா? அதுவும் இல்லை. மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை கெட ஆரம்பித்து விடும். வண்டி வந்து சேருவதற்குள் உள்ளே விழுந்தவர் இறந்து போகலாம். இறங்காமல் நின்ற அண்ணனோ தம்பியோ "நான் குதிச்சிருந்தா பிழைச்சிருப்பானே" என்று காலம் பூராவும் புழுங்க வேண்டியதுதான்.

அதனால் தப்பு எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். குழிக்குள் குதித்தவர் மீது தப்பு இல்லை. குதிக்காமல் நின்றவர் மீதும் தப்பு இல்லை. முதல் ஆளை வெறும் உடம்போடு உள்ளே இறக்கினார்களே, அங்கேதான் தப்பு!

அவருடைய உடம்பில் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் கட்டி, குழிக்கு மேல் முக்காலி நிறுத்தி, கயிற்றை அதில் மாட்டியிருந்தால், மயங்கிய மறுகணமே மேலே இருந்தபடி சுற்றித் தூக்கி விடலாம். யாரும் இறங்க வேண்டாம். வீரச்சாவும் வேண்டாம்.

சட்டம்

சாக்கடையிலும் கழிவுநீர் தொட்டியிலும் பாதுகாப்பு கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி அளித்த தீர்ப்பில், அவசர நேரத்தில்கூட கருவி இல்லாமல் ஆளை சாக்கடைக்குள் இறக்குவது குற்றமாக்கப்பட வேண்டும் என்று சொன்னது. "அவசரம் சார், ஐந்தே நிமிஷ வேலை" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. சாவுக்கு ரூ.10 லட்சம் நஷ்டஈடு என்றும் உத்தரவிட்டது. 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அதை ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

ரூ.30 லட்சம் வந்தாலும் ஆள் வரமாட்டார்.

கோழிக்கோடு சாவுக்குப் பிறகு கேரளாவைச் சேர்ந்த இளம் என்ஜினீயர்கள் குழிக்குள் இறங்கி அடைப்பு எடுக்கும் எந்திரத்தை உருவாக்கினார்கள். 2018-ம் ஆண்டு அது திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. மனிதனை இறக்காமலே முடிகிற வேலைதான் இது.

என்ன செய்யலாம்?

யாராவது உள்ளே விழுந்து விட்டால் முதல் வேலை, 101 அல்லது 112-க்கு போன் செய்வது. ஆம்புலன்சுக்கு 108. "விஷவாயு குழி" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மூச்சுக் கருவியோடு வருவார்கள்.

பக்கத்தில் உள்ள மூடிகளையும் திறந்து விடலாம். பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. உள்ளே இருப்பவருக்கு நினைவு இருந்தால் கயிறு போட்டு, பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுக்கலாம். தலையை உள்ளே நீட்டிப் பார்க்கக்கூடாது.

இன்னொரு காரியம் உண்டு. குதிக்கப் போகிறவரைக் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டும். அவர் திமிறுவார், திட்டுவார், அடிப்பார். விடக்கூடாது. அன்றைக்கு அந்த இடத்தில் நிச்சயமாகக் காப்பாற்றக்கூடிய உயிர் அவருடையதுதான்!

வீட்டுத் தொட்டியை சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி பேசுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "மிஷின் கொண்டு வர்றீங்களா, இல்லே ஆள் இறங்குறாரா?"

ஆள்தான் இறங்குவார் என்றால், அந்த ஆளைத் திருப்பி அனுப்பி விடுங்கள். அவர் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் சோறு சாப்பிடட்டும்.