உள்ளே நரி இல்லாத நரி: பாடம் பண்றது எப்படி நடக்குது?

மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு நரி நிக்குது. காது விறைப்பா இருக்கு, கண்ணு உங்களையே பார்க்குது. அதுக்குள்ள என்ன இருக்கு?

என் நண்பர்கள்கிட்ட கேட்டேன். "பஞ்சு", "வைக்கோல்", "அதோட எலும்புக்கூடுதானே?"ன்னு மூணு பதில் வந்துச்சு. இன்னைக்குப் பண்ற முறைப்படி மூணுமே தப்பு. உள்ள இருக்கிறது பாலியூரித்தேன் ஃபோம். கண்ணு கண்ணாடி. காதுக்குள்ள பெரும்பாலும் பிளாஸ்டிக். மூக்கோட கறுப்பு நிறம் பெயின்ட். நரியோடதுன்னு மிஞ்சுறது தோல், ரோமம், நகம், பாதத்துல கொஞ்சம் எலும்பு. அவ்வளவுதான்.

அப்போ அது நரி மாதிரி தெரியறதுக்கு என்ன காரணம்? இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல ஒரு தெளிவு. நம்ம ஊர்ல நரின்னு சொன்னா பெரும்பாலும் ஜாக்கல். இங்க நான் பேசறது செந்நரி, அதாவது ரெட் ஃபாக்ஸ். பிரிட்டனில் லண்டன் தெருவிலேயே சாதாரணமா சுத்தும். அங்க பாடம் பண்றவங்க கைக்கு வர்ற நரிகள்ல நிறைய, ரோட்டுல வண்டியில அடிபட்டுச் செத்தது.

கத்தி வைக்கறதுக்கு முன்னாடி

செத்த உடனே பாக்டீரியா வேலையை ஆரம்பிச்சிடும். ரோமத்தோட வேர் தளர்ந்து, கொத்துக் கொத்தா கழன்று வரும். அதனால உடம்பு கிடைச்சதும் வயித்துப் பக்கம், காதோரம் ரோமத்தை லேசா இழுத்துப் பார்ப்பாங்க. கையோட வந்தா அந்தத் தோலை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வரலைன்னா ஃப்ரீசருக்குப் போகும்.

அடுத்தது அளவு எடுக்கிறது. மூக்கு நுனியிலிருந்து கண்ணோட உள்முனை வரைக்கும், மூக்கிலிருந்து வால் தொடங்கற இடம் வரைக்கும், கழுத்துச் சுற்றளவு, மார்புச் சுற்றளவு. எல்லாக் கோணத்திலும் போட்டோ. சிலர் முகத்துக்கு பிளாஸ்டர் அச்சும் எடுப்பாங்க.

இவ்வளவு ஏன்? தோலை உரிச்சதும் அது ஒரு ஈரத்துணி மாதிரிதான். இழுத்தா நீளும், காய்ஞ்சா சுருங்கும். கன்னம் எவ்வளவு உப்பி இருந்துச்சு, தோள் எங்க மடிஞ்சுதுன்னு அந்தத் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம்ம வேலையில பேக்கப் எடுக்காம டேட்டாபேஸ்ல கை வைக்கற மாதிரிதான். ஒரு வித்தியாசம், இங்க ரோல்பேக்கே கிடையாது.

தோல்

பெரும்பாலும் முதுகிலோ வயித்திலோ ஒரே நீளக் கீறல். உடம்புப் பகுதி சீக்கிரம் முடிஞ்சிடும். முகம்தான் நேரம் எடுக்கும். இமை கிழியக் கூடாது, உதட்டை உள்பக்கமா பிளக்கணும், காதை உறை மாதிரி திருப்பி குருத்தெலும்பை எடுக்கணும்.

அப்புறம் ஒட்டியிருக்கற கொழுப்பு, சதையைச் சுரண்டி எடுத்து, அயோடின் சேர்க்காத தூள் உப்பை அழுத்தித் தேய்ப்பாங்க. ஒருநாள் கழிச்சு அதை உதறிட்டுப் புது உப்பு. அடுத்து பிஎச் 2 பக்கம் இருக்கற, உப்பு கலந்த அமிலக் கரைசல்ல சில நாள். வெளிய எடுத்து, தோலை மெல்லிசாச் சீவி, அமிலத்தைச் சமன்படுத்தி, படிகாரமோ வேற ரசாயனமோ போட்டுப் பதனிடுவாங்க.

பதனிடறதுன்னா நமக்கு ஆம்பூர், வாணியம்பாடி ஞாபகம் வரும். அடிப்படை ஒண்ணுதான்: தோலின் புரதம் அழுகாம நிலைப்படுத்தறது. ஆனா ஷூ தோலுக்கு முதல்ல சுண்ணாம்புல ஊறவச்சு முடியை நீக்கிடுவாங்க. இங்க முடிதான் முக்கியம்.

உருவம்

பழைய காலத்துல தோலுக்குள்ள வைக்கோலைத் திணிச்சுத் தச்சுடுவாங்க. அதனாலதான் பழைய மிருகங்கள் தலையணை மாதிரி இருக்கும். இதை மாத்துனவங்கள்ல முக்கியமானவர் அமெரிக்கரான கார்ல் ஏக்லி (1864–1926). தசை, நரம்பு எல்லாத்தையும் களிமண்ல சிற்பமா செஞ்சு, அதுல அச்சு எடுத்து, லேசான உருவம் தயாரிச்சு, அதுமேல தோலைப் போர்த்தினார். இன்னைக்கு ரெடிமேடா கிடைக்கற ஃபோம் உருவமும் அந்த யோசனையோட வாரிசுதான். அளவு பார்த்து வாங்கி, நம்ம நரிக்கு ஏத்த மாதிரி அரத்தால தேய்ச்சுச் சரிபண்ணணும்.

கண்ணாடிக் கண்ணைக் களிமண்ல பதிச்சு, பசை தடவி, தோலைப் போர்த்தித் தச்சு, உதட்டைக் கீறலுக்குள்ள செருகி, காதுக்கு அட்டை வச்சு, ஊசி குத்தி நிறுத்துவாங்க. காய வாரக்கணக்கில் ஆகும். காயும்போது தோல் சுருங்கி இமை விலகும். அதனால தினமும் பார்த்துச் சரி பண்ணணும்.

முகம்

2012-ல இணையத்துல ஒரு நரி பிரபலமாச்சு. வேல்ஸைச் சேர்ந்த கலைஞர் அடெல் மோர்ஸ் பாடம் பண்ணினது. நிக்காம மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கும், எதையோ பார்த்து அதிர்ந்து போன முகம். ரஷ்யாவில் அது பெரிய மீமாச்சு. நானும் சிரிச்சிருக்கேன். இதுக்காகப் படிச்ச பிறகுதான் புரிஞ்சுது: அதுல இருக்கறதும் நிஜ நரித் தோல்தான். இமை கொஞ்சம் அதிகமா விரிஞ்சா, கண் கொஞ்சம் தள்ளிப் போனா, அதே தோல் வேற மிருகமாயிடும். நரியோட கண்மணி பூனைக்கு மாதிரி செங்குத்தா இருக்கும். கண்ணாடிக் கண்ணைச் சாய்ச்சு வச்சாக்கூட முகம் கெட்டுடும்.

அதனால உயிரோட இருக்கற நரியை எவ்வளவு கவனிச்சிருக்கோம்கிறதுதான் கடைசியில தெரியும். ரசாயனத்தைப் புத்தகம் பார்த்துக் கத்துக்கலாம். அந்த ஜாடையை நரியைப் பார்த்துத்தான் கத்துக்கணும்.

முடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, பழைய வீடுகள்ல, மியூசியங்கள்ல இருக்கற பாடம் பண்ணின மிருகங்களைத் தொடாதீங்க. 18-ம் நூற்றாண்டுலேர்ந்து ரொம்ப காலம், பூச்சி அரிக்காம இருக்க ஆர்சனிக் சோப் தடவியிருக்காங்க. அந்த விஷம் இன்னும் அதுல இருக்கலாம். ரெண்டு, இந்தியாவில் இதை முயற்சி பண்ணாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி செத்துக் கிடக்கற காட்டு விலங்கும் அரசோட சொத்து. ஹைவேயில நரி அடிபட்டுக் கிடந்தா எடுக்காதீங்க, வனத்துறைக்கு போன் பண்ணுங்க.

அடுத்த தடவை மியூசியம் போனா, அந்த நரியோட இமையைக் கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.