வணிக மென்பொருளும் துணிகர மூலதனமும்

கொழும்பில் எழுதப்படும் மென்பொருளை உலகின் பல நாடுகளிலுள்ள வங்கிகளுக்கும் அரச நிறுவனங்களுக்கும் விற்றுவந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை 600 மில்லியன் அமெரிக்க டொலருக்கும் அதிகமான பெறுமதியில் கொள்வனவு செய்யவிருப்பதாக, சுவீடனைத் தளமாகக் கொண்ட ஈ.கியூ.டி. முதலீட்டு நிறுவனம் 2024 மே மாதத்தில் அறிவித்தது. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென இலங்கை அறிவித்து இரண்டாண்டுகளே கடந்திருந்த வேளை அது. அந்நிறுவனத்தை அந்நிலைக்கு வளர்த்த பணம் எங்கிருந்து வந்தது, விற்பனையின் பயன் யாரைச் சென்றடைந்தது ஆகிய வினாக்கள் எம்மிடையே போதியளவு ஆராயப்படவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

வங்கியொன்று கடன் வழங்குமுன் காணி உறுதியையோ கட்டடத்தையோ ஈடாகக் கேட்கும். மென்பொருள் நிறுவனத்திடம் இவை இருப்பதில்லை. சில கணினிகளும் பொறியியலாளர்கள் சிலரும் அவர்கள் எழுதிய நிரல்களுமே அதன் சொத்து. இந்த இடைவெளியை நிரப்புவதே துணிகர மூலதனம். ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழக நிதியங்கள் போன்றவற்றிடமிருந்து திரட்டப்படும் பணம், கடனாகவன்றிப் பங்குகளுக்குப் பதிலாக வழங்கப்படுகின்றது. நிறுவனம் தோற்றால் பணமும் போய்விடும். பத்து நிறுவனங்களில் பெரும்பாலானவை தோற்கும் அல்லது முதலை மட்டுமே மீட்டுத்தரும் என்பது முதலீட்டாளருக்குத் தெரியும். எஞ்சும் ஒன்றோ இரண்டோ அத்தனை இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே நிதானமாக இலாபமீட்டும் ஒரு நல்ல கம்பனி அவர்களுக்குப் போதாது. பன்மடங்கு பெருகக்கூடியதையே அவர்கள் தேடுகின்றார்கள். அத்துடன் நிதியத்தின் ஆயுட்காலம் பொதுவாகப் பத்தாண்டுகள் என்பதால், அதற்குள் பங்குகளை எவருக்கேனும் விற்றுவிடவும் வேண்டும்.

இத்தகையோர் கணக்கீடு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விபரம் போன்றவற்றைக் கையாளும் வணிக மென்பொருளை விரும்புவதற்குக் காரணம் உண்டு. 1999 இல் ஆரம்பிக்கப்பட்ட சேல்ஸ்போர்ஸ், மென்பொருளை இறுவட்டில் விற்காது இணையத்தினூடாகச் சந்தாவுக்கு வழங்கியது. வேடிக்கை என்னவெனில், அதன் ஸ்தாபகர் மார்க் பெனியொப் துணிகர முதலீட்டாளர்களை நாடியபோது அவர்கள் கைவிரித்தனர். ஒரக்கிள் அதிபர் லரி எலிசன் போன்ற தனிநபர்களே பணம் கொடுத்தனர். 2004 இல் அந்நிறுவனம் நியூயோர்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பின்னர் கதை மாறியது. தனது கணக்குகள் முழுவதையும் ஒரு மென்பொருளில் ஏற்றிவிட்ட வணிகர் அதனை எளிதில் மாற்றமாட்டார். மாதந்தோறும் சந்தா வரும். இன்னொரு வாடிக்கையாளருக்கு அதே மென்பொருளை வழங்குவதற்கான மேலதிகச் செலவோ மிகச் சொற்பம்.

கொவிட் காலத்தில் அமெரிக்க வட்டி வீதம் ஏறத்தாழப் பூச்சியத்தில் இருந்தபோது இந்த விருப்பம் வெறியாகவே மாறியது. 2021 இல் உலகளாவிய துணிகர முதலீடு 600 பில்லியன் டொலரைத் தாண்டியது. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. திறைசேரி முறியில் எவ்வித ஆபத்துமின்றி ஐந்து வீதம் கிடைக்குமெனில், பல ஆண்டுகளின் பின் வரக்கூடிய இலாபத்துக்காக யார் பெருவிலை கொடுப்பார்? 2023 இல் முதலீடு பாதிக்கும் கீழே வீழ்ந்தது. பின்னர் திரும்பிய பணத்தின் பெரும்பங்கு செயற்கை நுண்ணறிவை நோக்கியே சென்றது. ஊழியர் தலைக்கு இவ்வளவு என்று சந்தா அறவிடும் நிறுவனங்களிடம், அவ்வூழியரின் வேலையை இயந்திரமே செய்யுமாயின் உங்கள் வருமானம் என்னவாகும் என்று முதலீட்டாளர் கேட்கின்றார்கள். கேள்வி நியாயமானதே.

எமது நாட்டு உதாரணத்துக்கு வருவோம். ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சஞ்ஜீவ வீரவரண, போல் பிறிமன்டில் என்பவருடன் இணைந்து 2005 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 வை ஆரம்பித்தார். நிரல்களை எவரும் இலவசமாகப் பெறலாம். பராமரிப்புக்கும் ஆதரவுக்குமே கட்டணம். ஆரம்ப காலத்தில் இன்டெல் கப்பிட்டல் முதலிட்டது. 2021 இல் கோல்ட்மன் சக்ஸ் 90 மில்லியன் டொலர் வழங்கியது. ஆரம்பத்திலிருந்து விற்பனை வரை 19 ஆண்டுகள்! பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளைத் தயாரித்த மிலேனியம் ஐ.ரி. நிறுவனத்தை 2009 இல் இலண்டன் பங்குச் சந்தை 30 மில்லியன் டொலருக்கே வாங்கியது என்பதோடு ஒப்பிட்டால், காத்திருப்பின் பெறுமதி விளங்கும்.

எனினும் அறிவிக்கப்படும் தொகை முழுவதும் ஸ்தாபகரின் கைக்கு வருவதாக எண்ணுவது தவறு. ஒவ்வொரு முதலீட்டுச் சுற்றிலும் அவரது பங்கு சுருங்குகின்றது. துணிகர முதலீட்டாளர் பெறுவது வழக்கமாக முன்னுரிமைப் பங்கு. விற்பனை நடந்தால் அவர் இட்ட பணம் முதலில் திரும்பும், மீதியே ஏனையோருக்கு. குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் ஸ்தாபகருக்கும் ஊழியருக்கும் எதுவுமே எஞ்சாது போகலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளைஞர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும். மேலும், டபிள்யூ.எஸ்.ஓ.2 இலங்கையரால் கட்டியெழுப்பப்பட்டபோதிலும் அமெரிக்காவில் பதிவுசெய்யப்பட்ட நிறுவனமாகும். தமக்குப் பழக்கமான சட்டத்தின் கீழ் பதிவுசெய்யுமாறு முதலீட்டாளர் வற்புறுத்துவது வழமை. அப்போது உழைப்பு இங்கும் உரிமை அங்குமாகப் பிரிகின்றது.

வெளியார் மூலதனமே இன்றி வளர இயலாதா? சென்னையில் சோஹோ 1996 இலிருந்து அவ்வாறே வளர்ந்துள்ளது. அங்கு பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம் 2010 இல் தொடங்கிய பிரெஷ்வேர்க்ஸ், துணிகர மூலதனத்தைப் பெற்று 2021 செப்டெம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. ஒரே நகரில் இரு வழிகளும் பலித்திருக்கின்றன. ஆனால் முதலாவது வழிக்கு, ஆரம்ப ஆண்டுகளைத் தாங்குவதற்கான சொந்த வருமானம் இருக்க வேண்டும்.

வடக்கு, கிழக்கில் கணினி பயின்று வெளியேறும் இளைஞர்களுக்கு அந்த வருமானம் எங்கிருந்து வரும் என்பதே எமது கவலை. போரில் காணி உறுதிகளையே தொலைத்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் வங்கி ஈடு கேட்கின்றது. முதலீட்டாளர்களின் சந்திப்புகளோ பெரும்பாலும் கொழும்பிலேயே நிகழ்கின்றன. இந்நிலையில், முன்னர் வரிவிலக்குப் பெற்றிருந்த சேவை ஏற்றுமதி வருமானத்தின் மீது 2025 ஏப்ரல் முதல் 15 வீதம் வரையான வருமான வரி விதிக்கப்பட்டுள்ளது. வரி தேவையில்லை என நாம் வாதிடவில்லை. அவ்வருவாயில் ஒரு சிறு பகுதியையேனும், கொழும்புக்கு வெளியே தொடங்கப்படும் மென்பொருள் நிறுவனங்களில் பங்கு முதலாக இடும் நிதியமொன்றுக்கு ஒதுக்குவது குறித்துத் திறைசேரி ஆராய வேண்டும்.