மூன்று முறை குறித்த நாள்

சிங்காநல்லூரில் பம்ப்செட் விற்கும் கடைக்கும் இன்று இணையதளம் உண்டுங்க. அப்படிப்பட்ட தளங்கள் பலவற்றை இயக்குவது வேர்ட்பிரஸ் மென்பொருள். 2018-இல் அதன் 5.0 பதிப்புக்குப் பயனர்கள் காத்திருந்த கதை தெரியுமா? முதலில் நவம்பர் 19 என்றார்கள். பிறகு 27. கடைசியில் வந்தது டிசம்பர் 6. கல்யாணத் தேதியைக்கூட இத்தனை தடவை மாற்ற மாட்டோம்!

ஆவலோடு அச்சமும் இருந்தது. காரணம், எழுதும் திரையே மாறியது: பத்தி, படம், தலைப்பு எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். அச்சுக்கலை முன்னோடி குட்டன்பர்க்கின் பெயரையே இதற்கு வைத்தார்கள். எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தை நினைத்தால், பொருத்தமான பெயர்தான். பழைய திரையே போதும் என்றவர்களுக்கு ‘கிளாசிக் எடிட்டர்’ என்ற செருகுநிரலும் தரப்பட்டது. பல லட்சம் தளங்களில் அது இன்னும் ஓடுகிறது.