கட்டற்ற மென்பொருள் வழி பழைய ஒளிப்படச் சீரமைப்பு

பழைய ஒளிப்படச் சீரமைப்பு என்பது கறை, கிழிசல், மடிப்பு, மங்கல் முதலியவற்றால் சிதைந்த அச்சுப்படத்தை எண்ணிமப்படுத்தி, அந்நகலில் உள்ள குறைகளைக் கணினியில் நீக்கும் செயலாகும். இதற்குப் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருள் கிம்ப் ஆகும். இதில் திருத்தப்படுவது நகல் மட்டுமே. மூலப்படம் உள்ளபடியே காக்கப்பட வேண்டும்.

சிதைவுக்கான காரணங்கள்

இருபதாம் நூற்றாண்டின் கருப்பு வெள்ளை அச்சுப்படங்களில் பெரும்பாலானவை, ஜெலட்டின் படலத்தில் உள்ள வெள்ளித் துகள்களால் உருவம் பெற்றவை. ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பிச் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் படரும். வெள்ளி ஆக்சிசனேற்றம் அடைந்தால் படம் மஞ்சளாகி மங்கும்.

புதுச்சேரி போன்ற கடலோரப் பகுதிகளில் இவ்விடர் மிகுதி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. காட்டேரிக்குப்பம் போன்ற சிற்றூர்களின் வீட்டுச் சுவரில் தொங்கும் முன்னோர் படத்துக்கு வேறு படியோ படச்சுருளோ இல்லையெனில், அப்படத்தோடு அவ்வுருவமும் அழிந்துபோகும்.

எண்ணிமப்படுத்தல்

கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரித்தால் உருவம் உரிந்துவிடும். எனவே கண்ணாடியின் வெளிப்புறத்தில் உள்ள சந்தன, குங்குமப் பொட்டுகளைத் துடைத்தபின், இரு பக்கமும் சாய்வாக ஒளி விழச்செய்து, ஒளிப்படக்கருவியால் படியெடுக்கலாம்.

தனிப்படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அளவில் வருடி, டிஃப் வடிவில் சேமிப்பது நல்லது. கருப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே வருட வேண்டும். மஞ்சள் கறை நீல நிறத்தடத்தில் கருமையாகவும், சிவப்பு நிறத்தடத்தில் மிக மங்கலாகவும் தெரியும். ஆதலால் சிவப்புத் தடத்தை மட்டும் பிரித்தெடுத்தாலே கறையின் பெரும்பகுதி மறையும். படத்தின் பின்புறக் குறிப்பு, ஒளிப்பட நிலைய முத்திரை ஆகியவற்றையும் வருட வேண்டும்.

கிம்ப் கருவிகள்

கிம்ப், 1995இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்டது. குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் எவரும் இதனை விலையின்றிப் பயன்படுத்தலாம். இதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளியானது. சீரமைப்பில் பின்வருவன முதன்மையானவை:

* அடுக்கு: மூல நகலின் மேல் தனி அடுக்கில் திருத்தினால், பிழையை எப்போதும் நீக்கலாம்.
* லெவல்ஸ், கர்வ்ஸ்: மங்கிய படத்தின் கருமை வெண்மை வேறுபாட்டை மீட்கும்.
* குளோன்: ஓரிடத்தின் படப்புள்ளிகளை மற்றோரிடத்தில் அப்படியே படியெடுக்கும். கிழிந்த பின்னணிக்கு ஏற்றது.
* ஹீல்: படியெடுத்ததைச் சுற்றுப்புற நிறத்துக்கு இசைவாக்கும். முகத்தில் உள்ள சிறு கீறல்களுக்கு ஏற்றது.

எல்லைகள்

முற்றாக அழிந்த கண்ணையோ வாயையோ எம்மென்பொருளாலும் மீட்க இயலாது. அங்கு நிரப்பப்படுவது, செயற்கை நுண்ணறிவு வரைந்ததாயினும், ஊகமே. பழைய ஒளிப்பட நிலையங்களில் நகைக்கும் புடவைக்கும் கையால் தீட்டிய வண்ணம் சிதைவன்று. அது படத்தின் வரலாற்றுப் பகுதியாகும்.

1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், தமிழ் ஒளிப்பட நிலையங்களின் பழைய படங்களை எண்ணிமப்படுத்தியுள்ளது. இத்தகைய ஆவணப் பணியில் கறையும் கீறலும் சான்றின் பகுதியாகவே கருதப்படும். வீட்டுப் படங்களுக்கும் இம்முறை பொருந்தும்: திருத்தாத நகலைத் தனியே காத்து, திருத்திய நகலை அச்சிட்டு மாட்டலாம்.